பின்வாங்கியோரும் மீள்வரவும்: இணுவிலைச் சூழ்ந்த கிறிஸ்தவ அனுபவம்

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தோ, பிற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோ சபையோடு இணைந்திருந்து, பின்னர் ஆராதனைக்கு வருவதையும் ஜெபிப்பதையும் மெல்ல மெல்ல விட்டுவிட்டவர்களை யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து சபைகள் பின்வாங்கிப்போனவர்கள் என்று குறிப்பிடுகின்றன. அந்நிலைக்குப் பின்மாற்றம் என்று பெயர். இத்தகையோரை மீண்டும் விசுவாசத்துக்குக் கொண்டுவருவது குறித்து மேலைநாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் ஏராளம் உண்டெனினும், அவற்றுட் பல, விஞ்ஞானமோ தத்துவமோ எழுப்பிய ஐயத்தால் நம்பிக்கையை இழந்த தனிமனிதர் ஒருவரையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முந்நூற்றைம்பது ஆண்டுக் கால அனுபவம் வேறு விதமானது. இங்கே மக்கள் கிறிஸ்தவத்துக்குள் வந்ததும் அதைவிட்டு விலகியதும் பெரும்பாலும் காணி, கலியாணம், உத்தியோகம், உறவு ஆகியவற்றின் வழியாகவே நிகழ்ந்தன. ஆகவே விலகியவர்களை மீட்க முயன்றோருக்கும், கண்டன நூல்கள் எழுதி ஈட்ட முடியாத பயன், வீட்டு விறாந்தையில் சென்று அமர்ந்தபோது கிட்டியது.

இவ்வனுபவத்தின் பல அடுக்குகளை ஒருங்கே காணக்கூடிய இடம் இணுவில். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே செல்வோர் கொக்குவிலையும் தாவடியையும் கடந்ததும் வந்தடையும் இவ்வூர், செம்மண் தோட்டங்களுக்கும், கந்தசுவாமி கோயிலின் பெரிய மஞ்சத்துக்கும், சின்னத்தம்பிப் புலவரின் பாடல்களுக்கும், தவில் நாதஸ்வரக் கலைஞர்களின் பரம்பரைகளுக்கும் பேர்பெற்ற ஆழ்ந்த சைவ ஊராகும். அவ்வூரின் நடுவிலேதான் அமெரிக்க மிஷன் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய மக்லியொட் வைத்தியசாலை நிற்கிறது. அங்கிருந்து சிறு தொலைவில், 1824இல் தொடங்கப்பட்ட உடுவில் மகளிர் பாடசாலையும், மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய சைவப் பெண்கள் கல்லூரியும், அதே மருதனார்மடத்தில் 1939இல் தோன்றிய கிறிஸ்தசேவா ஆச்சிரமமும் உள்ளன. துவிச்சக்கரவண்டியில் அரை நாளிற் சுற்றிவரக்கூடிய இந்த வட்டத்துக்குள், மக்கள் ஒரு சமயத்திலிருந்து மற்றொன்றுக்குப் போன பாதைகளும் திரும்பிவந்த பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒரு தரப்பார் வழிதவறல் என்று வருந்தியதை மறுதரப்பார் வீடு திரும்பல் என்று கொண்டாடிய நிலமும் இதுவே.

விலகியவரை மீண்டும் சேர்ப்பதா, சேர்ப்பதாயின் எந்த நிபந்தனையில் என்ற கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 250இல் உரோமப் பேரரசன் தேசியுஸ், குடிகள் யாவரும் உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கான சான்றுச் சீட்டையும் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சிய கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே இலஞ்சம் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டனர். துன்புறுத்தல் தணிந்ததும் இவர்கள் ஆலய வாசலுக்கு வந்து நின்றனர். உரோமையில் நொவேசியன் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் இவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாதென்றனர். வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியன் 251இல் கூட்டிய சங்கமோ, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே விசாரித்து, தக்க தவமுயற்சிக்குப் பின் ஏற்றுக்கொள்ளலாமெனத் தீர்மானித்தது. பலியிட்டவரையும் சீட்டு வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்ற அந்தத் தெளிவு, பிற்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைக் கடுங்குற்றமாக்கி, தங்கள் சீர்திருத்தச் சபையையே அரச சமயமாக்கினர். ஊர்தோறும் இருந்த கோயிற் பள்ளிக்கூடங்களின் பதிவேடுகளான தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அப்பதிவு இல்லாதவருக்கு விவாகம் சட்டப்படி செல்லுபடியாவதும், பிள்ளைகளுக்கு முதுசொத்து சேர்வதும், அரச உத்தியோகம் கிடைப்பதும் அரிதாயின. இதன் விளைவாக, 1660களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த ஒல்லாந்தக் குரு பல்தேயுஸ், 1672இல் வெளியிட்ட தம் நூலில், இப்பகுதியில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் கணக்கிடுகிறார். அவர்களுட் பலர் பெயரளவிற் கிறிஸ்தவராயிருந்து பழைய வழிபாட்டையே தொடர்ந்தனர் என்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. வீட்டுக்குள் சைவமும் தோம்பில் சீர்திருத்தமுமாக வாழ்ந்தோர் ஒருபுறமிருக்க, வீட்டுக்குள் செபமாலையும் தோம்பில் சீர்திருத்தமுமாக வாழ்ந்த கத்தோலிக்கர் மறுபுறம் இருந்தனர். குருவானவர் ஒருவரையும் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டதால், இரண்டாவது வகையினரின் விசுவாசம் மங்கி, பலரிடத்து நினைவாக மட்டுமே எஞ்சியிருந்தது.

இந்நிலையிலேதான் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். 1651இல் பிறந்து, கோவாவில் ஒறற்றோரியன் என்னும் துறவுச் சபையில் இணைந்திருந்த இவர், வெளிப்படையாக வந்தால் உயிருக்கு ஆபத்தென்பதால், தமிழ் கற்று, கூலியாளைப்போல உடுத்து, நோயாலும் பசியாலும் வாடிய உடலோடு வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக்கொடுப்பார் என்று தெரியாத ஊரில் அவர் கையாண்ட வழி மிக எளியது: கழுத்தில் ஒரு செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டும் காணாததுபோற் கதவைச் சாத்தியவர்கள் இருந்தனர். பிச்சையோடு ஒரு கணம் கூடுதலாக அந்த மாலையிற் கண் பதித்தவர்களும் இருந்தனர். அந்தப் பார்வையை அவர் கவனித்தார். யாரையும் விசாரிக்கவோ, ஒல்லாந்தர் கோயிலில் ஏன் பதிந்தீர்கள் என்று கேட்கவோ தொடங்கவில்லை; விலகியிருந்தவர் தாமே தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் வரையில் வாசலில் நின்றார். திருச்சபையின் மீட்புப் பணி வரலாற்றில் இதைவிடச் சாதுரியமான முதற்சந்திப்பு முறை உண்டா என்பது ஐயமே.

இவ்வாறு கிடைத்த தொடர்பின் வழியே பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை என்னும் கத்தோலிக்கக் கிராமத்தில் மறைந்து தங்கிய வாஸ், ஏறத்தாழ ஈராண்டுகள் இரவு வேளைகளில் அயல் ஊர்களுக்குச் சென்று வந்தார். அவர் செய்தவை மூன்று: ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்கு அதை வழங்கினார், விவாகங்களை ஆசீர்வதித்தார், ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது ஒருவர் தம் பாவங்களைக் குருவிடம் தனிமையில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பழைய பாவசங்கீர்த்தன முறையை, நீண்ட காலத்துக்குப் பின் அம்மக்களுக்குத் திரும்பக் கிடைக்கச் செய்தார். முதல் இரண்டும் குடும்பத்தைச் சேர்க்க, மூன்றாவது தனிமனிதரின் குற்றவுணர்வைத் தீர்த்தது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த கத்தோலிக்கரைச் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தபோது, சீர்திருத்தச் சபையை விட்டுத் திரும்பி வந்திருந்த தொன் பேதுரு என்பவர் சவுக்கடியால் உயிரிழந்தார். மீண்டு வருவதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு அது சான்று. பின்னர் வாஸ் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்று, 1711இல் அங்கேயே காலமானார். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸும் அவரைப் பின்பற்றி வந்த ஒறற்றோரியன் குருமாரும் விட்டுச்சென்ற இன்னொன்று, குரு இல்லாத நாட்களிலும் சமூகத்தைப் பிடித்துவைத்திருந்த பொதுநிலையினர் அமைப்பு. ஊர்த் தலைவராக ஒரு மூப்பரும், செபங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணாவியாரும் என அது இயங்கியது. குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், வராமற்போனாலும், யார் எந்த வீட்டில் நோயுற்றிருக்கிறார், யார் நீண்ட காலம் செபத்துக்கு வரவில்லை என்பதை அறிந்தவர் ஊரிலேயே இருந்தார். குருமாரே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தம் விசுவாசத்தைக் கைமாற்றி வந்து, 1865இல் நாகசாக்கியில் பிரெஞ்சுக் குரு பெத்தியானிடம் தம்மை வெளிப்படுத்திய யப்பானிய மறைமுகக் கிறிஸ்தவர்களிடையேயும் இதையொத்த உள்ளூர்ப் பொறுப்பாளர் முறையே இருந்தது. ஒல்லாந்தரின் தோம்போ இதற்கு நேர்மாறானது. அது பெயர்களை அறிந்திருந்தது, ஆட்களை அறியவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்து, சமயப் பதிவு உத்தியோகத்துக்கு நிபந்தனையாயிருந்த நிலை மாறியதும், அந்த ஏடுகளில் இருந்த பல்லாயிரம் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் சைவத்துக்கோ கத்தோலிக்கத்துக்கோ போய்விட்டனர். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் எஞ்சியிருந்தவை கூரையற்ற கோயிற் சுவர்களே.

அமெரிக்கர் இந்தப் பாடத்தின் பாதியைப் புரிந்துகொண்டனர் எனலாம். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆண்பிள்ளைகள் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழும் கற்றுக் கிறிஸ்தவராகினும், சைவப் பெண்களை மணந்து வீடு திரும்பியதும் பழைய நிலைக்கே போய்விடுவர் என்ற கவலை மிஷனரிமாரை வாட்டியது. உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியதற்கு இக்கவலையும் ஒரு காரணம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷன் ஒரு சிறு தொகையைச் சீதனமாகக் கொடுத்தது. சீதனமில்லாக் கலியாணத்தை நினைத்துப் பார்க்க முடியாத சமூகத்தில், பின்மாற்றத்தைத் தடுக்க அமெரிக்கப் புரட்டஸ்தாந்தர் கண்ட வழி அந்தச் சீதனம்! பின்னர் 40 ஆண்டுகள் அளவில் அப்பாடசாலையை நடத்தி, தாயகம் ஒருமுறையேனும் திரும்பாமல் இங்கேயே 1883இல் இறந்த எலைசா அக்னியூ, தம்மிடம் படித்துச் சென்ற பெண்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களைக் கண்டுவருவதையும் தம் பணியின் பகுதியாகவே கொண்டிருந்தார்.

ஆயினும் செமினரியின் பேறு எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கான படிக்கட்டாக ஆனபோது, படிக்கட்டேறியவர்களிற் பலர் மேலே சென்றதும் மிஷனை மறந்தனர். 1855இல் மிஷன் தலைமையே செமினரியை மூடியது. அங்கே படித்து 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக வந்த இருவரும் சைவத்துக்கே திரும்பினர். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றி அழியாப் புகழ் பெற்றார். கிறிஸ்தவராயிருந்தபோது சைவத்தைக் கண்டித்து எழுதிய கறோல் விசுவநாதபிள்ளை, பின்னர் மனம் மாறிச் சிதம்பரத்தில் பொன்னூசியைக் காய்ச்சித் தம் நாவைச் சுட்டுக்கொண்டார் என்று யாழ்ப்பாணத்திற் சொல்வர். இவர்களின் மனமாற்றத்தில் ஆறுமுக நாவலரின் பங்கு பெரிது. பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய நாவலர், அப்பாதிரியாரின் மிஷனிலிருந்து விலகி 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, பிரசங்கம், அச்சகம், பாடசாலை, சிறுநூல் என மிஷனரிமாரின் கருவிகளையே கையிலெடுத்தார். ஒரு சமயத்தார் தம் மக்களை மீட்கப் பயன்படுத்தும் முறைகளை மறுசமயத்தார் கூர்ந்து கற்பது யாழ்ப்பாணத்தில் அன்று தொடங்கிய வழக்கம். இராமநாதன் கல்லூரியும் அதன் தொடர்ச்சியே.

அக்காலத்து மிஷன் சபைகள் பின்வாங்கியோரைக் கையாண்ட முறை கண்டிப்பானது. கோயிலிற் காணிக்கை செலுத்தியவர், சைவ முறைப்படி விவாகம் செய்தவர், நீண்ட காலம் ஆராதனைக்கு வராதவர் ஆகியோரின் பெயர் சபையில் வாசிக்கப்பட்டு, முதலில் கர்த்தருடைய இராப்போசனத்திலிருந்தும், பின்னர் சபை அங்கத்துவத்திலிருந்தும் அவர் விலக்கப்படுவார். திரும்பி வர விரும்பினால் சபையார் முன்னிலையில் எழுந்து நின்று தம் தவற்றை அறிக்கையிட வேண்டும். ஊரார் நால்வர் முன் தலைகுனிவதை மரணத்துக்கு நிகராக எண்ணும் சமூகத்தில், இந்த நிபந்தனை எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் என்பதை மிஷன் அறிக்கைகள் பேசுவதில்லை. அவை சேர்ந்தவரையும் நீக்கப்பட்டவரையும் எண்ணுவதில் காட்டிய அக்கறையை, வர நினைத்தும் வராமல் நின்றவரைப் பற்றி எழுதுவதிற் காட்டவில்லை. தனிமையில் கேட்கப்படும் கத்தோலிக்க ஒப்புரவு முறை இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்து மனத்துக்கு ஏற்றதாயிருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கண்டிப்பான சபையின் இன்னொரு முகத்தை இணுவில் வைத்தியசாலையிற் காணலாம். மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரியர் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் திரட்டிய நிதியைக் கொண்டு வளர்ந்த இப்பணியில், ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு இசபெல்லா கர் போன்ற பெண் வைத்தியர்கள் சிகிச்சையளித்தனர். தாதியர் பயிற்சியும் நடந்தது. குடாநாட்டின் பல ஊர்களிலிருந்து சைவரும் கிறிஸ்தவரும் பிள்ளைப்பேற்றுக்காக இணுவிலுக்கு வந்தனர். வேதாகமப் பெண்கள் எனப்பட்ட பணியாளர்கள், அதாவது வீடுகளுக்குச் சென்று பெண்களுக்கு வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்பித்த மிஷன் ஊழியப் பெண்கள், ஆண் போதகர் நுழைய முடியாத அடுப்படி வரை சென்றனர். பெயர் வாசித்து நீக்கிய சபை, அதே வீட்டின் பின்பக்கத்தால் மீண்டும் உள்ளே போனது இவர்களின் கால்களால்.

1939இல் மருதனார்மடத்தில் தோன்றிய கிறிஸ்தசேவா ஆச்சிரமம் இன்னொரு தடையைக் கண்டுகொண்டது. மேசை நாற்காலியும் கோட்டுச் சூட்டும் ஆங்கில ராகங்களுமாக அமைந்த மிஷன் வாழ்க்கை, கிறிஸ்தவரை அயலவரிலிருந்து மட்டுமன்றி அவர்தம் சொந்த உறவுகளிலிருந்தும் பிரித்துவிட்டதென்று உணர்ந்தவர்கள், இந்திய ஆச்சிரம மரபைத் தழுவி எளிமையான கூட்டு வாழ்வை அமைத்தனர். பெரியண்ணன் என்று அன்போடு அழைக்கப்பட்ட சேவக் செல்வரத்தினம் அதன் முன்னோடியாவார். அந்நிய உடையிற் கிடைத்த விசுவாசத்தை அந்நியமென்றே உதறிவிட்ட படித்த இளைஞருக்கு, தமிழராயிருந்தவாறே கிறிஸ்தவராயிருக்க முடியும் என்று காட்டிய இடம் அது. 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராகிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயங்களிலும் அருள் பற்றிய கோட்பாட்டை ஒப்பிட்டு 1964இல் ஒரு பெருநூலே எழுதினார். சைவ அறிவுலகை மதித்துப் பேசத் தெரிந்த தலைமை இருக்கையில், சைவ உறவினரோடு வாழும் கிறிஸ்தவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

போர்க்காலம் இந்த வரலாற்றைக் கலைத்துப் போட்டது. 1990இலிருந்து வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகி, அங்கிருந்த ஆலயங்கள் மக்களின்றிப் போயின. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானக் குண்டு வீழ்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் இணுவில் உட்பட வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. ஷெல்லடிக்கு அஞ்சி ஆலயத்தில் ஒதுங்கியோரிற் சிலருக்கு மறந்துபோன ஜெபம் திரும்ப வந்ததும், அதே இழப்பினால் வேறு சிலர் இனி யாரிடம் ஜெபிப்பது என்று கைவிட்டதும் உண்மை. பிள்ளையைக் காணாமலாக்கியவர்களிடம் விடை கேட்டு நிற்கும் ஒரு தாய்க்கு வேத வசனத்தால் சமாதானம் சொல்ல முனைவது கொடுமை. அவளோடு அமர்ந்திருப்பதும், அவள் கடவுளோடு கோபித்திருப்பதைச் சகித்திருப்பதுமே போதகர் செய்யத்தக்கது என்பதை அனுபவமுள்ள குருமார் அறிவர்.

இன்றைய விலகலின் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. கலப்பு மணம் செய்தவர் இரு வீட்டாரின் சண்டைக்கு அஞ்சி இரண்டு கோயிலுக்கும் போகாதிருக்கிறார். பரீட்சைப் போட்டி மிகுந்த யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை என்பது ரியூசன் வகுப்பின் நேரமாகிவிட்டது. இவ்விடயத்தில் அறநெறி வகுப்பு நடத்தும் சைவ அமைப்புகளும் ஞாயிறு பாடசாலை நடத்தும் திருச்சபைகளும் அந்நேரத்தில் வகுப்பு வேண்டாமென்ற ஒரே கோரிக்கையை முன்வைத்து ஒரே அணியில் நிற்பதை நாவலர் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ! இவற்றைவிடக் கனத்த காரணம் ஒன்றுண்டு. சாதி பார்த்து ஆசனமும் பாத்திரமும் பிரித்த பழைய ஆலயங்களின் நினைவு, சபைத் தேர்தற் பகை, ஆலயச் சொத்துக்கான நீதிமன்ற வழக்கு, துக்க வீட்டுக்கு வராத போதகர் என மனம் புண்பட்டு வெளியேறியவர்கள் கணிசமானோர். இவர்களைப் பின்வாங்கியோர் என்று அழைப்பதே நியாயமன்று, இவர்கள் தள்ளப்பட்டவர்கள். இவர்களிடம் மனந்திரும்பச் சொல்லிச் செல்லும் சபை, முதலில் தான் செய்ததற்கு வருத்தம் தெரிவிக்காவிடில், வாசற்படியோடு திரும்ப வேண்டியதுதான்.

பழக்கப்பட்ட போதகர் ஒருவர் அல்லது சபை மூப்பர் ஒருவர் இத்தகைய வீட்டுக்குச் செல்லும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. அவர் ஞாயிறன்று செல்வதில்லை. அது ஆலயத்துக்கு வராததைச் சுட்டிக்காட்டுவது போலாகும். வார நாளொன்றின் பின்னேரம், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடிந்த வேளையிற் சென்று, விறாந்தையில் அமர்ந்து, கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்து, ஆச்சியின் முழங்கால் வருத்தத்தையும் வெளிநாட்டிலுள்ள மகனின் விசாவையும் வெங்காய விலையையும் விசாரிக்கிறார். வேதாகமத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதில்லை. அது சட்டைப்பையிலோ துவிச்சக்கரவண்டிக் கூடையிலோ இருக்கும். எழுந்து புறப்படும்போது மட்டும், "அக்கா, ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டோ?" என்று கேட்கிறார். வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை. சரி என்றால் ஆச்சியின் முழங்காலையும் மகனின் விசாவையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார், வீட்டார் ஆலயத்துக்கு வரவேண்டுமென்று ஜெபிப்பதில்லை. மூன்றாவது அல்லது நான்காவது முறை, வீட்டுக்காரரே பழைய மனத்தாங்கலைச் சொல்லத் தொடங்குவார். அதைக் குறுக்கிடாமற் கேட்பதே இந்தப் பணியின் மிகக் கடினமான பகுதி. தம் சபையின் பக்கத்தை நியாயப்படுத்தத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே போதகர் விருந்தாளி நிலையிலிருந்து எதிர்வழக்காளி நிலைக்கு மாறிவிடுகிறார்.

வீட்டிலிருந்து ஆலயத்துக்கான தூரம், நடந்தால் ஐந்து நிமிடமாயினும், விலகியிருந்தவருக்கு மிக நீண்டது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற கூச்சத்தைக் குறைக்கும் இடைநிலைகள் தேவைப்படுகின்றன. அயல்வீட்டில் நடக்கும் வீட்டுக் கூட்டம், நத்தார்க் கீதப் பவனி, அறுப்பின் பண்டிகை, மருதமடு மாதாவின் ஆவணித் திருவிழா யாத்திரை ஆகியன அத்தகையவை. அங்கே போவது சபைக்குத் திரும்புவதாகப் பொருள்படாது, ஆனால் கால் பழகிவிடும். 1965இல் மரிய சேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம் ஆண்டுதோறும் மேடையேற்றிவந்த திருப்பாடுகளின் நாடகம், ஆலயப் படி மிதிக்காத கத்தோலிக்கரையும் சைவரையும் ஒரே திறந்தவெளியில் அமரவைத்தது. புரட்டஸ்தாந்தர் லெந்து நாட்கள் என்றும் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சொல்லும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாட்கள், இரு தரப்பிலும் நீண்ட காலம் வராதவர்கள் தலைகாட்டும் பருவமாக உள்ளன. வந்தவரை முதல் நாளே மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லவைக்கும் வழக்கமுள்ள சபைகளும் உண்டு. அது அன்றைய கூட்டத்துக்கு உற்சாகமாகவும் வந்தவருக்குத் தண்டனையாகவும் முடிவதே மிகுதி.

இன்னொரு சிக்கலும் பேசப்பட வேண்டியது. தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க ஆலயங்களில் வெறும் பெயராக இருந்தவர்களுட் பலர், போருக்குப் பின் பெருகிய சுயாதீன சபைகளில் உற்சாகமான விசுவாசிகளாக இருக்கின்றனர். பழைய சபை இதை மந்தை திருட்டு என்கிறது. புதிய சபையோ, மேய்ப்பனில்லாமல் அலைந்த ஆட்டுக்குத் தான் தண்ணீர் காட்டியதாகச் சொல்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் விலகிய கிறிஸ்தவரைத் தேடிச் செல்வதற்கும், வறுமையிலோ நோயிலோ உள்ள சைவ அயலவரை உதவி காட்டி இழுப்பதற்கும் இடையிலுள்ள கோட்டை மழுங்கடிக்கும் எந்த ஊழியமும், இணுவில் போன்ற ஊரில் எல்லாக் கிறிஸ்தவர்மீதும் சந்தேகத்தை வரவழைக்கிறது. அந்தச் சந்தேகத்தின் சுமையை முதலில் உணர்பவர், சைவ மைத்துனருக்கு அஞ்சி ஆலயத்துக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய கிறிஸ்தவரே.

விலகியிருந்தோர் தவிர்க்கவியலாமல் ஒரு முடிவுக்கு வரவேண்டிய நேரம் மரணம். சைவர் தகனம் செய்ய, கிறிஸ்தவர் அடக்கம் செய்யும் வழக்கமுள்ள இம்மண்ணில், பல்லாண்டு எந்த ஆலயத்துக்கும் போகாத ஒருவர் இறந்தால், மயானமா சேமக்காலையா என்று வீட்டார் சில மணி நேரத்துக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சந்தா நிலுவையைக் காட்டி இடம் மறுத்த சபையை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு மன்னிக்காது. கேட்டவுடன் மணியடித்து, வீட்டுக்கு வந்து, எட்டாம் நாளிலும் வந்து இருந்த போதகரின் பின்னால், பிள்ளைகளில் ஒருவராவது வருவார்.

பிள்ளைகளிற் பலர் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்றனர். அங்கே ஆலயத்தில் விவாகம் செய்யவோ, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ, கத்தோலிக்கப் பாடசாலையிற் சேர்க்கவோ ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படும்போது, பல ஆண்டுகள் எந்தத் தொடர்பும் இல்லாதவர் ஊர்ப் பங்குக்கோ சபைக்கோ எழுதுகிறார் அல்லது தொலைபேசியில் அழைக்கிறார். இடப்பெயர்வுகளில் ஏடுகள் அழிந்த இடங்களில், ஞானப்பெற்றோரையோ அக்காலத்தை அறிந்த முதியவரையோ கண்டுபிடித்துச் சாட்சியம் பெற்றே சான்றிதழ் எழுதவேண்டியிருக்கிறது. அலுவலகக் காரியமாக அதை முடித்து அனுப்பிவிடும் குருமாரும் உண்டு. அந்த முதியவரின் தொலைபேசி எண்ணையும் சான்றிதழோடு எழுதி, அவர் உங்களை விசாரித்தார், ஒருமுறை பேசுங்கள் என்று ஒரு வரி சேர்ப்போரும் உண்டு.